ஏழாவது நாற்காலியும் முப்பத்திரண்டு சாக்கும்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. எங்கள் லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீட்டில், காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே நிற்கும் சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு முழம் வெளி விட்டு நின்றுவிடும். அந்த வெளி வழியாக அடுத்த வீட்டுக் கருவாட்டு வாசனை வரும், இருமல் வரும், சண்டை வரும். நான் காதைக் கொண்டுபோய் வைக்கவில்லை. காது இருந்த இடத்துக்குக் கதை வந்தது. (இதை நம்பாதவர்கள் எங்கள் லயத்தில் பாதிப் பேர். மீதிப் பாதிப் பேருக்கும் என்னிடம் கேட்டுத்தான் ஊர் விஷயம் தெரியும்.)

அடுத்த காம்பராவில் இருப்பவள் நாகலெட்சுமி. கொழுந்து எடுக்கிறவள், நாற்பத்தொரு வயது. புருசன் வீரபத்திரன் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் தேயிலை காய வைக்கும் மெசினில் வேலை. நான் சண்முகவடிவு, பிள்ளை மடுவத்து ஆயா. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போவார்கள். குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது சம்பள வேலை. அவர்களின் தாய்மார் சொல்லிப்போகும் கதைகளைக் கேட்டுக்கொள்வது சம்பளமில்லாத வேலை. இரண்டாவதைத்தான் நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று ஒரு பேச்சு உண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலைமுகடுகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த அதிகாலையில், நாகலெட்சுமி தன் மக்களின் விடிவுக்காக"

கிழித்துவிட்டேன். அவள் அதிகாலையில் விடிவுக்காக எழவில்லை. பிந்தினால் குழாயில் தண்ணீர் நின்றுவிடும், அதற்காக எழுந்தாள்.

இரண்டாவது தடவை:

"அரசுடைமைத் தொழிற்றுறையின் முகாமைத்துவக் கட்டமைப்பில் தொழிலாளர் பங்கேற்பு என்பது"

எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் விஷயம் அதுதான். வேறு வழியில்லை. கொட்டாவி வராத மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

2

எங்கள் தோட்டம் கவர்மெண்டுத் தோட்டம். எழுபதுகளில் அரசாங்கம் எடுத்த தோட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பிறகு கம்பெனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லையா, கொடுக்க மறந்துவிட்டார்களா, தெரியாது. கல்யாண வீட்டில் எல்லோரும் போன பிறகு மூலையில் கிடக்கும் பாய் மாதிரி இன்னும் ஒரு கூட்டுத்தாபனத்தின் கீழ் கிடக்கிறோம். (தோட்டத்துக்குக் கீழ்ப்பாறை என்று நானே பெயர் வைத்துக்கொள்கிறேன். கந்தப்பளைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். கூட்டுத்தாபனத்துக்குப் பெயரே வேண்டாம். ஆயா வேலை எனக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.)

நிர்வாகம் என்பது ஏணி. உச்சிப்படியில் கொழும்பு. அதற்குக் கீழே தொரை, சின்னத்தொரை, கண்டாக்கு, கணக்கப்பிள்ளை, கங்காணி. கடைசிப் படியில் கொழுந்தெடுப்பவள். உத்தரவு மேலிருந்து கீழே இறங்கும். கீழிருந்து மேலே போவது கொழுந்து மட்டும்தான்.

மூன்று வருடத்துக்கு முன் கூட்டுத்தாபனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. தோட்டத்தை நிர்வகிக்க ஒரு முகாமைத்துவக் குழு. ஏழு பேர். ஆறு பேர் உத்தியோகத்தர். ஏழாவது தொழிலாளர் பிரதிநிதி. தோட்டத்தின் எந்தப் பகுதியையும் மூடுவதென்றாலும் மாற்றுவதென்றாலும் ஏழாவது ஆளின் கையெழுத்தில்லாமல் முடியாது. இதை எழுதியவர் நல்ல மனசோடு எழுதினாரா, வேறு எங்கிருந்தோ பார்த்து எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. எழுதியாயிற்று.

தோட்டத்தில் மூன்று தொழிற்சங்கம். ஒரு சங்கத்தின் ஆளை மற்ற இரண்டும் வேண்டாமென்றன. மூன்று பேர் பெயரும் இப்படியே அடிபட்டுப்போன பிறகு, தலைவர்மார் மூவரும் முதல் தடவையாக ஒன்றில் ஒத்துப்போனார்கள்: வாய் பேசாத ஒருத்தியைப் போட்டுவிடலாம். நாகலெட்சுமியைப் போட்டார்கள்.

அவள் பேசாதவள் இல்லை. அவர்களோடு பேசாதவள். இந்த வித்தியாசம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் கூட்டம் முடிந்து வந்தவளைப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற பொம்பளைகள் வளைத்துக்கொண்டோம்.

"கதிரையில ஒக்காந்தியா?"

"ஒக்காந்தேன்."

"எப்பிடி இருந்திச்சி?"

"ஒரு காலு ஆடுது."

இரண்டு வருடம் இதற்கு மேல் அவளிடமிருந்து எதுவும் பெயரவில்லை. உள்ளே "நீங்க" என்றும் வெளியே "நீ" என்றும் தொரை அவளைக் கூப்பிடுவார் என்பது மட்டும் தெரிந்தது. நானும் அவளைக் குழுவின் பூச்சாடி என்று முடிவு கட்டினேன். அதை மடுவத்தில் நான்கு பேரிடம் சொல்லவும் செய்தேன். வாசகரே, அந்த நான்கு பேரில் ஒருத்தி அவளிடம் போய்ச் சொன்னாள். அதற்குப் பிறகும் நான் கருவேப்பிலை கேட்டால் நாகலெட்சுமி சுவருக்கு மேலால் எறிந்துகொண்டுதான் இருந்தாள்.

3

இந்த வருடம் பொங்கல் கழிந்ததும் குழுவில் ஒரு பத்திரம் வந்தது. எங்கள் தொழிற்சாலையை மூடிவிட்டுக் கொழுந்தை லொறியில் இருபத்து மூன்று கிலோமீற்றர் தள்ளி வேறொரு தோட்டத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவது. மெசின் பழசு, செலவு கூட. உள்ளே வேலை செய்யும் ஐம்பத்தெட்டுப் பேரும் மலைக்கு வரலாம், அல்லது போகலாம். ஆறு கையெழுத்து விழுந்துவிட்டது. ஏழாவதற்கு ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தார்கள்.

அன்று மாலை சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டி தட்டும் சத்தம்.

"போட்றாத. போட்டீனா நாளைக்கி நான் கவ்வாத்துக் கத்தியோட மலையேறணும். இந்த முட்டிய வச்சிக்கிட்டு செடி வெட்ட முடியுமா?" என்றான் வீரபத்திரன்.

"போடலன்னா புருசன் வேலைக்காகத்தான் போடலம்பாங்க."

"சொல்லட்டுமே. புருசன்தானே நான்?"

"கொழுந்து கெடாம அங்க போய்ச் சேருதுன்னா அவுங்க சொல்றது சரி. கெட்டுப்போச்சின்னா நம்ம சொல்றது சரி. ஒரு நாளைக்கி ஏத்திப் பாத்தாத்தானே தெரியும்."*

"பாத்து, நல்லா இருந்திச்சின்னா?"

ரொட்டிச் சத்தம் நின்றது.

"போட்டுருவேன்."

என் கையில் தேத்தண்ணி ஆறியது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வியப்பு பிறகு வந்தது. கதை எழுதுவதற்கு வியப்பு வரும் வரை காத்திருந்தேன்.

* (பறித்த கொழுந்துக்கு உயிர் இருக்கிறது. சாக்கில் அமுக்கி வெயிலில் போட்டால் தன்னாலே சூடேறி, நடுவில் வெந்து சிவந்துவிடும். வெந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. கெட்டதா என்று பார்க்க வழி ஒன்றுதான். சாக்கின் நடுவே முழங்கை வரை கையை விட வேண்டும்.)

4

நாகலெட்சுமி குழுவில் கேட்டபடி பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். மாசி மாதம், ஒரு வியாழன். கொழும்பிலிருந்து அதிகாரி வருகிறார் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு வாரத்துக்கு முன்பே அறிவித்தார்கள்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் அந்தப் பிழையைச் செய்தார்கள். வேறு எந்த ஊரிலும் எவரும் செய்யமாட்டார்கள்.

தொழிற்சாலை பிழைக்க வேண்டுமென்றால் அன்றைக்குக் கொழுந்து கெட வேண்டும். குழந்தைக்கும் விளங்கும் விஷயம். ஆனால் மேலிடத்திலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் எங்கள் கை கேட்காது. நூற்றைம்பது வருடப் பழக்கம். வருகிறவர் எங்களைத் தூக்கிலிட வந்தாலும் கயிற்றைத் திருத்தமாகச் சுருட்டிக் கொடுப்போம். பொம்பளைகள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய், பூத் தொடுக்கிற மாதிரிப் பறித்தார்கள். சாக்கில் தளரத் தளரப் போட்டார்கள். நிழலில் அடுக்கி ஈரத் துணி மூடினார்கள். கணக்கப்பிள்ளை நிறுவைக் கொட்டகைக்கு வெள்ளை அடித்திருந்தார். ஒரு நாளும் நேரத்துக்கு வராத லொறி, கழுவித் துடைத்து, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தி வந்து நின்றது. ஓட்டுநர் செல்லசாமி நெற்றியில் திருநீறு.

லொறியில் நாகலெட்சுமியும் போனாள், பின்னால் ஜீப்பில் எங்கள் தோட்டத்துப் பிரதாப் தொரையும் அதிகாரியும். அங்கே சாக்கை அவிழ்த்தார்கள். அதிகாரி வெப்பமானி வைத்துப் பார்த்தார். நாகலெட்சுமி கையை விட்டாள்.

குளிர்ந்து இருந்தது. அப்போதுதான் பறித்த மாதிரி.

லொறி திரும்பி வரும்போது கொட்டகை வாசலில் நின்ற பொம்பளைகள் கேட்ட முதல் கேள்வி எது தெரியுமா? "தொர நம்ம கொழுந்தப் பாத்து என்னா சொன்னாரு?"

நல்ல கொழுந்து என்று சொன்னாராம். சந்தோஷப்பட்டோம். அரை மணி நேரம் கழித்துத்தான் ஒவ்வொருத்தி முகமும் மாறியது.

5

மறுநாள் கூட்டம். கூட்ட அறைக்குத் தேநீர் கொண்டுபோகிற கௌசி எனக்கு ஒன்றுவிட்ட தங்கை. தேநீர் கொடுக்க மூன்று நிமிடம் போதும். அன்றைக்கு அவள் இருபது நிமிடம் கொடுத்தாள்.

(இந்த இடத்தில் நாகலெட்சுமிக்கு ஒரு பேச்சு எழுதியிருந்தேன். இரண்டு பக்கம். "அதிகாரமே, கேள்" என்று தொடங்கியது. கௌசிக்கு வாசித்துக் காட்டினேன். "அக்கா, அவ இப்பிடிப் பேசியிருந்தா நான் தட்டக் கீழ போட்டிருப்பேன்" என்றாள். வெட்டிவிட்டேன். நடந்தது இதுதான்.)

பிரதாப் தொரை பத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். இளம் வயது, நல்ல மனிதர், எங்கள் தமிழை நன்றாகவே பேசுவார். "நீங்க கேட்டபடி பாத்தாச்சி நாகலெட்சுமி. கொழுந்து கெடல. இப்ப போடலாந்தானே?"

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். திரும்ப மூடினாள்.

"நேத்து நீங்க வந்தீங்க. அதனால கொழுந்து நல்லா இருந்திச்சிங்க. நீங்க வராத நாள்ல ஒரு தடவ வாங்க."

"வராத நாள்ல எப்பிடி வாறது?"

"வாறேன்னு சொல்லாம வாங்க."

அறையில் யாரோ சிரித்தார்கள். தொரை சிரிக்கவில்லை. "அப்ப நாங்க வராட்டி நீங்க யாரும் ஒழுங்கா வேல செய்றதில்லன்னு சொல்றீங்களா? இத நான் எழுதிக்குவேன்."

கௌசி சொன்னாள், அந்த இடத்தில் நாகலெட்சுமியின் நாற்காலி ஆடிய சத்தம் கேட்டதாம்.

"எழுதிக்கிங்க. நேத்து மாதிரி நாங்க தெனம் கட்டுறதில்லைங்க. கிலோவுக்கு ஓடுறப்ப சாக்குல கொஞ்சம் அமுக்கித்தான் போடுவோம். அதோட இதையும் எழுதிக்கிங்க, லொறி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்ல. கொட்டகையில நெழலுக்குத் தகரம் கேட்டு ரெண்டு வருசம் ஆச்சி. நேத்து மாதிரி ஆபீசும் தெனம் இல்லைங்க. நேத்து நம்ம எல்லாரும் வேஷம் போட்டோம். வேஷத்துக்குக் கையெழுத்துப் போட ஏலாது."

ஏணியின் கடைசிப் படியில் நிற்பவள் ஏணி முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள். தன்னையும் சேர்த்துச் சொன்னதால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை.

தொரை பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார். "சரி. நாள் எனக்கு மட்டும் தெரியும்."

சாயங்காலம் பீலிக்கரையில் அவளுக்கு நல்ல பூசை.

"அமுக்கித்தான் போடுவோம்னு சொன்னியாமே. எங்கள ஏன்டி காட்டிக் குடுத்த?" என்றாள் வேலாயி. அவளுடைய மகனும் தொழிற்சாலையில்தான்.

"பொய்யா சொன்னேன்?"

"உண்மைனா ஒடனே சொல்லிறணுமா?"

நாகலெட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் நான் பிடித்துக்கொண்டேன். "இங்க பாரு லெச்சுமி. அடுத்த தடவ நாலு சாக்க நல்லா மிதிச்சிக் கட்டச் சொல்லு. கத முடிஞ்சிது. ஒம் புருசன் பொழப்பும் ஓடும்."

"மிதிச்சாத்தான் கெடும்னா, பெக்டரி இங்க இருக்கணும்னு நான் சொல்றது பொய்யாப் போயிருமே வடிவக்கா" என்றாள். குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி என் காலில் விழுந்தது.

6

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதாமல் விட்டேன். முதல் பிரதியில் ஐந்துக்குப் பிறகு ஏழு வரும். அச்சுப்பிழை என்று நினைத்துக்கொள்வீர்கள் என்று நம்பினேன்.

பங்குனி மாதம், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல வெயில். பகல் நிறுவை முடிந்து கொழுந்துச் சாக்குகள் கொட்டகைக்கு வெளியே கிடந்தன. லொறி வழக்கம் போல ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தது. அதன் முன் சீட்டிலிருந்து தொரையும் கொழும்பு அதிகாரியும் இறங்கினார்கள்.

ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை. அடுத்த நிமிடம் எங்கள் ஆட்களின் கை தன்னாலே வேலையைத் தொடங்கிவிட்டது. ஒருத்தி சாக்கைத் தளர்த்துகிறாள். ஒருத்தி நிழலுக்கு இழுக்கிறாள். வேலாயி, நேற்று வரை திட்டியவள், ஈரத் துணி தேடி ஓடுகிறாள்.

"விடுங்க" என்றாள் நாகலெட்சுமி. சத்தம் போடவில்லை. "இருக்கிறபடி இருக்கட்டும். யாரும் தொடாதீங்க."

கையை எடுத்தார்கள். கையை எடுப்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நான் மடுவத்து வாசலில் நின்று பார்த்தேன்.

எடுக்காதது ஒரு கை.

மடுவத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு வேலிதான். வேலியோரம் ஒரு சாக்கு கிடந்தது, வாய் திறந்து. எல்லோரும் அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்துச் சாக்கிலிருந்து இரண்டு அள்ளு எடுத்து இதில் திணித்து, காலை விட்டு மிதித்தேன். நன்றாக மிதித்தேன். கட்டுவதற்கு என் கையில் இருந்தது தொட்டில் கயிறு. கட்டினேன். முப்பத்திரண்டு சாக்கு ஏறியது. முப்பத்தொன்று தோட்டத்தினுடையது. ஒன்று என்னுடையது.

எழுத்தாளர்கள் கதைக்குள் கையை விடுவார்கள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் காலை விட்டேன்.

7

லொறி போனது. நான் போகவில்லை. அங்கே நடந்ததைச் செல்லசாமி சொல்லித்தான் தெரியும்.

அதிகாரி வெப்பமானியை எடுக்கவில்லையாம். "மூன்று சாக்கு நீயே எடு" என்று சிங்களத்தில் சொன்னார், தொரை தமிழில் சொன்னார். நாகலெட்சுமி சாக்குகளின் மேலே கையை ஓட்டிக்கொண்டு போனாள். ஒரு சாக்கில் கை நின்றது. பானை வயிறு மாதிரி இறுகிக் கிடந்த சாக்கு. அதை எடுத்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும். ஐம்பத்தெட்டு வேலை, வீரபத்திரனின் முட்டி, வேலாயியின் மகன்.

அவள் முடிச்சைப் பார்த்தாள். பிறகு அந்தச் சாக்கை இரண்டு கையாலும் இழுத்து ஓரமாக வைத்தாள்.

"அது ஏன்?" என்று தொரை கேட்டார்.

"இத கட்டினது கொழுந்துக்காரி இல்லைங்க" என்றாள்.

வேறு மூன்று சாக்கை எடுத்து அவிழ்த்தாள். தானே கையை விடாமல் ஒதுங்கி நின்று, "தொரையே மொதல்ல விட்டுப் பாருங்க" என்றாள். பிரதாப் தொரை கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அந்தப் பையில்தான் பத்திரம் இருந்தது. சட்டைக் கையை மடித்தார். முழங்கை வரை

இங்கே இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில் தொரை கையைச் சட்டென்று வெளியே எடுக்கிறார். கையோடு வந்த இலை செம்பு நிறத்தில் இருக்கிறது. அவர் பத்திரத்தை இரண்டாகக் கிழிக்கிறார். ("நான்காக" என்று எழுதியிருந்தேன். அரசாங்கப் பத்திரத்தை எந்தத் தொரையும் நான்காகக் கிழிக்கமாட்டார்.)

இரண்டாவதில் கை உள்ளேயே இருக்கிறது. குளிர்ச்சிதான். நாகலெட்சுமி பேனாவைக் கேட்கிறாள். எழுதும்போது பத்திரத்துக்கு அடியில் வைக்க வேறு பலகை இல்லாததால், தொரை தன் முதுகைக் குனிந்து காட்டுகிறார்.

இரண்டாவது முடிவை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. ஆகவே அதுதான் நல்ல முடிவோ என்றும் தோன்றியது. ஆனால் எது நடந்தது என்பது எனக்குத் தெரியும்.

8

அன்று சாயங்காலம் பிள்ளைகளை எல்லாம் தாய்மார் தூக்கிக்கொண்டு போன பிறகு நாகலெட்சுமி மடுவத்துக்கு வந்தாள். யன்னல் கட்டையில் என் கயிற்றைச் சுருட்டி வைத்தாள்.

"தொட்டிலுக்கு வேணுமில்ல வடிவக்கா."

எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு, வாசகரே. லயத்தில் கேட்டுப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

"எப்பிடித் தெரிஞ்சிது?" என்றேன் கடைசியில்.

"மூணு வருசம் இந்த முடிச்ச அவுத்துத்தானே எம் மகளத் தூக்கிட்டுப் போனேன். ஒரு இழுப்புல அவுறும். ஆனா பிள்ள எவ்வளவு ஒதச்சாலும் நழுவாது. ஒங்களத் தவிர யாரு இப்பிடிக் கட்டுவா?"

திட்டியிருக்கலாம். என் முடிச்சைப் புகழ்ந்தாள்.

"அந்த மூணு சாக்குல என்னா இருந்திச்சி லெச்சுமி?"

சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுதி, வெட்டிவிட்டேன். காரணம் சொல்கிறேன். சூடு என்று எழுதினால், கடைசியில் ஜெயித்தாளே, அதனால் அவள் செய்தது சரி என்பீர்கள். குளிர் என்று எழுதினால், பாவம், நேர்மையால் கெட்டாள் என்று நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவீர்கள். இரண்டிலும் அவள் சின்னவளாகிவிடுவாள். அவள் அந்தச் சாக்கை ஓரமாக இழுத்து வைத்தபோது மற்ற மூன்றிலும் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் உங்களையும் நிறுத்தி வைப்பதுதான் இந்தக் கதை அவளுக்குச் செய்யும் ஒரே மரியாதை. என் வாயை இவ்வளவு நேரம் மூடி வைத்திருப்பது எனக்கு எவ்வளவு பெரிய செலவு என்பது கீழ்ப்பாறையில் எல்லோருக்கும் தெரியும்.

கயிற்றைத் தொட்டிலில் திரும்பக் கட்டிவிட்டேன். அதே முடிச்சு. இப்போது வேலாயியின் பேத்தி அதில் தூங்குகிறாள்.

மூன்று சாக்கு உங்கள் முன்னால் வாய் திறந்து கிடக்கிறது. நான்காவது ஓரத்தில், கட்டியபடி. அதைத் தொட வேண்டாம். அவள் தொடவில்லை. கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை கையை விடுங்கள்.